செடி இனங்கள் கூடினால் காடு தேறுகிறது என்று அர்த்தமா?

ஜனவரி 11, வாசகர் கேள்வி

தாம்பரம் பக்கம் ஒரு கல்வி வளாகத்துக்குள் கொஞ்சம் புதர்க்காடு மிச்சம் இருக்கிறது. நானும் நண்பர்களும் இரண்டாவது வருடமாக அங்கே செடிகளைக் கணக்கெடுக்கிறோம். போன வருடத்தைவிட இந்த முறை பட்டியலில் பதினைந்து இனம் கூடுதல். காடு தேறி வருகிறது என்று அறிக்கையில் எழுதலாம் என்கிறேன். குழுவில் ஒருவர் மட்டும் கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

ஜனவரி 11, இரவு

கூடாது என்றவர் பக்கம் நான்.

கூடிய பதினைந்து எவை? அதைச் சொல்லாமல் கூடியது என்று மட்டும் சொன்னால் அது செய்தியே இல்லை. நான் தாவரவியல் படித்தவள் இல்லை, ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். கடன் வாங்கி வந்த பணத்தையும் வருமானத்தில் சேர்த்து லாபம் காட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். முதலில் பட்டியலைப் போடுங்கள்.

ஜனவரி 13

போகிப் புகைக்கு நடுவே பட்டியலைப் படித்தேன்.

பார்த்தீனியம், உண்ணிச்செடி, சவுண்டல், தங்க அரளி, அண்டிகோனான் கொடி, சிங்கோனியம். இந்த ஆறும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வெட்டுக்காயப் பூண்டும் அப்படியே. முழங்காலில் சிராய்த்தால் பாட்டி கசக்கித் தடவியதெல்லாம் சரி, ஆனால் அதன் ஊர் நம் ஊர் இல்லை. எச்சில் பட்டால் படபடவென்று வெடிக்குமே, பள்ளிக்கூடத்தில் சட்டைக்குள் போட்டு விளையாடிய பட்டாசுக்காய், அந்த ஊதாப்பூச் செடியும் அங்கிருந்து வந்ததுதான். ஆகப் பதினைந்தில் எட்டு போயிற்று.

மிச்சத்தில் செங்காந்தள் 'புதிய வரவு' என்று இருக்கிறது. அது எங்கிருந்தும் வரவில்லை. மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, கோடையில் மேலே ஒரு தடயமும் இல்லாமல் காய்ந்துபோகிற செடி அது. நீங்கள் முதல் முறை போனது ஏப்ரல், இரண்டாம் முறை நவம்பர் கடைசி. சென்னையில் இந்த இரண்டு மாதமும் இரண்டு வேறு காடுகள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தரையில் இருக்கும் சிறு செடிகளில் பாதியைச் சித்திரையில் தேடினாலும் கிடைக்காது. நிலப்பனை உங்கள் பட்டியலில் புதிதாக வந்ததற்கும் இதே காரணம்தான் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று, யாரும் ஒத்துக்கொள்ளாதது: முதல் வருடம் உங்களுக்குக் காட்டு எலுமிச்சைக்கும் கொஞ்சிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. இப்போது தெரியும். உங்கள் கண் வளர்ந்திருக்கிறது, காடு வளர்ந்ததா என்பது வேறு கேள்வி.

ஜனவரி 13, பிற்பகல்

'ஷானன் குறியீடு போட்டால் தெரிந்துவிடும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எத்தனை இனம், ஒவ்வொன்றிலும் எத்தனை செடி என்பதை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் சூத்திரம் அது. தெரியாது.

கற்பனையாக ஒரு கட்டம். உள்ளூர்ச் செடி 5 இனம், ஒவ்வொன்றிலும் 20 செடி. குறியீடு 1.61 வரும். சில வருடத்தில் அந்த ஐந்தும் பாதியாகக் குறைந்து இனத்துக்குப் பத்தாகிறது. காலி இடத்தில் வெளியூர் இனம் ஐந்து, அவையும் இனத்துக்குப் பத்து. இப்போது குறியீடு 2.30. உள்ளூர்ச் செடிகளில் பாதி செத்துப்போயிருக்கிறது, எண் ஏறியிருக்கிறது! அந்தச் சூத்திரத்துக்கு உண்ணிச்செடியும் களாவும் ஒன்றே. குறியீட்டின் மேல் தவறில்லை, இரண்டையும் ஒரே கூடையில் கொட்டியவர் மேல்தான். உள்ளூருக்குத் தனியாக, அயலுக்குத் தனியாகப் போடுங்கள். மொத்தத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஜனவரி 26

எப்படித்தான் எண்ணுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். இதைவிட நல்ல முறைகள் உண்டு, ஆனால் ஆளும் நேரமும் அதிகம் கேட்பவை.

10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம். ஒரு தடவை போட்டால் போட்டதுதான், ஒவ்வொரு வருடமும் அதே கட்டம். இடத்தை மாற்றி மாற்றி எண்ணினால் மாறியது காடா கட்டமா என்று கடைசிவரை தெரியாது. போன் காட்டும் இடக்குறியை நம்ப வேண்டாம், மரத்தடியில் அது சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். நான்கு மூலையிலும் அடையாளம் வேண்டும். மரக்குச்சி கரையானுக்கு. இரும்புக்கம்பி நட்டால் அடுத்த வாரம் பழைய இரும்புக் கடையில் இருக்கும். கருங்கல்லில் பெயின்ட் அடித்துப் பாதி புதைத்து வையுங்கள்.

கட்டத்துக்குள் 30 செ.மீ. சுற்றளவுக்கு மேல் இருக்கும் மரங்களைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். தையல்காரர் டேப் போதும். அதைவிட மெல்லியவற்றைக் கன்று என்றும், முழங்காலுக்குக் கீழ் இருப்பதை நாற்று என்றும் பிரித்துக்கொள்கிறேன். எந்த உயரத்தில் பிரித்தாலும் பரவாயில்லை, வருடா வருடம் மாற்றக் கூடாது. சிறு செடிகளுக்கு பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டர் சதுரம் செய்து கட்டத்துக்குள் ஐந்து இடத்தில் போட்டுப் பார்ப்பது. இங்கே தலையை எண்ணுவதைவிட எந்தச் செடி எவ்வளவு தரையை மூடியிருக்கிறது என்று எழுதுவது உபயோகம். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். சேர்ந்து மதிப்பிட்டால் குரல் பெரியவர் சொன்னதுதான் நிற்கும்.

கட்டங்களை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். நடைபாதை ஓரத்தில் போடுவது சுலபம், முள் கிழிக்காது. ஆனால் பாதை ஓரம் என்பது அயல் செடிகளின் வாசல். மண் கிளறப்படுகிறது, வெளிச்சம் விழுகிறது, செருப்பிலும் சக்கரத்திலும் விதை வருகிறது. மதில் ஓரம் இன்னும் மோசம், பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் காய்ந்த தொட்டிச் செடியைச் சுவருக்கு மேலே வீசுகிறார்கள். உங்கள் சிங்கோனியம் அப்படித்தான் குதித்திருக்க வேண்டும். ஓரத்திலும் கட்டம் போடுங்கள், உள்ளேயும் போடுங்கள், பாதையிலிருந்து எத்தனை மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள். இரண்டையும் கலந்து சராசரி எடுக்க வேண்டாம்.

வளாகம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி. நன்மங்கலம் மாதிரி காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.

செல்போன் ஆப் சொல்லும் பெயரை அப்படியே எழுதாதீர்கள். இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். கொஞ்சி, காட்டு எலுமிச்சை, காட்டுக் கறிவேப்பிலை மூன்றும் எலுமிச்சைக் குடும்பம், ஆனால் மூக்குக்கு மூன்றும் வேறு. ஆப்புக்கு மூக்கு இல்லை.

பிப்ரவரி 9

'உண்ணிச்செடியில்தான் பட்டாம்பூச்சி மொய்க்கிறது, அதைப் போய்க் கெட்ட கணக்கில் எழுதுகிறீர்களே' என்று ஒரு கோபம்.

மொய்க்கிறது, உண்மை. நானே அதில்தான் படம் எடுக்கிறேன். ஆனால் தேன் குடிக்க வருகிற இடமும் முட்டை வைக்கிற இடமும் ஒன்றில்லை. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் இரண்டின் புழுக்களும் தின்பது எலுமிச்சைக் குடும்பத்து இலைகளை. காட்டில் அவற்றுக்குக் கிடைப்பது மேலே சொன்ன கொஞ்சியும் காட்டு எலுமிச்சையும் போன்றவை. உண்ணிச்செடி மூடிய இடத்தில் இவற்றின் நாற்று எழும்புவது கஷ்டம். சாப்பாட்டுக் கடை பெருத்து பிரசவ ஆஸ்பத்திரி மூடிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னான்கள் உண்ணிப்பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடுகின்றன. அதே சின்னான்தான் களாப்பழத்தையும் கொஞ்சிப் பழத்தையும் தின்கிறது. பறவைக்கு ஊர்ப் பாகுபாடு கிடையாது.

மார்ச் 2

எது உள்ளூர் என்ற சண்டை எதிர்பார்த்ததுதான்.

புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கம். சிவன் கோயில் வாசலில் நிற்கிற நாகலிங்கம் தென் அமெரிக்கா. குல்மொஹர் மடகாஸ்கர். தூங்குமூஞ்சியும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான். அடையாறு பிரம்மஞான சபை வளாகம் முழுக்க உலகத்து மரங்களைக் கொண்டுவந்து வேண்டுமென்றே வளர்த்த இடம். அங்கே போய் அயல் மரம் இத்தனை என்று அதிர்ச்சி அடைவது, மிருகக்காட்சி சாலையில் சிங்கம் இருக்கிறது என்று புகார் கொடுப்பதற்குச் சமம்.

புளியை வெட்டச் சொல்வீர்களா என்று கேட்ட அன்பருக்கு: இல்லை. ரசத்துக்கு எங்கே போவது? அயல் என்பது ஒரு விஷயம், பரவி மற்றதை அமுக்குவது வேறு விஷயம். உங்கள் வளாகத்தில் இருக்கும் இரண்டு புளியமரத்துக்கு அடியில் எத்தனை புளிங்கன்று, அதே தூரத்தில் எத்தனை சவுண்டல் நாற்று என்று எண்ணிப் பாருங்கள். சவுண்டல் பாய் விரித்தாற்போல் இருக்கும். அதனால் என் தாளில் மூன்று பத்தி: உள்ளூர், வெளியிலிருந்து வந்து சும்மா நிற்பது, வெளியிலிருந்து வந்து பரவுவது. மூன்றாவது பத்திக்கு நாற்று எண்ணிக்கைதான் சாட்சி, பிறந்த தேசம் இல்லை.

உள்ளூர் என்று எப்படி முடிவு செய்வது என்றால், சென்னை அரசு அருங்காட்சியகம் 1929இல் வெளியிட்ட பி.வி. மயூரநாதனின் பட்டியல், நகரமும் சுற்றுப்புறமும் சேர்த்தது, நல்ல தொடக்கம். அதில் இருப்பதாலேயே உள்ளூர்ச் செடி ஆகிவிடாது, 1929க்கு முன்பே இங்கே வேர் பிடித்த அயல் செடிகள் நிறைய. ஆனால் அப்போது என்ன இருந்தது என்ற ஒரு கோடு கிடைக்கும். காய வைத்துப் பாதுகாத்த செடி மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் மதராஸ் ஹெர்பேரியம் போங்கள். பெயர்தான் மதராஸ், இருப்பது கோயம்புத்தூரில். நைட் பஸ் பிடிக்க வேண்டும்.

மார்ச் 2, பின்னிரவு

'செம்மரம் இந்திய மரம்தானே, உள்ளூர்ப் பத்தியில் போடலாமா?' கூடாது. ஆந்திராவின் தென்பகுதி மலைச்சரிவுகளுக்கு அது உள்ளூர். உங்கள் வளாகத்தில் யாரோ நட்டது. தேக்கும் அப்படியே. நட்டதற்குத் தனிக் குறி போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மரம் நடு விழா முடிந்த வருடமெல்லாம் காடு செழித்ததாகக் கணக்கு வரும்.

ஏப்ரல் 20

இப்போது எல்லாரும் சீமைக் கருவேலத்துக்கு வந்துவிட்டார்கள். வராமல் இருக்குமா? உயர் நீதிமன்றம்வரை போன மரம்.

வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நான்காகத் தழைக்கும். ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கினால் மண் புரண்டு, புதைந்து கிடந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். காயை ஆடும் மாடும் தின்று சாணியில் விதைத்துவிட்டுப் போகும். உண்ணிச்செடிக்குக் கொஞ்சம் நல்ல வழி உண்டு: ஆணிவேரைத் தரைக்குக் கீழே சில சென்டிமீட்டரில் வெட்டி, செடியைத் தலைகீழாகத் திருப்பி வைப்பது. மண்ணைக் கிளறுவதும் குறைவு. எதை எடுத்தாலும் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று பார்க்க ஆள் இல்லையென்றால் எடுக்காதீர்கள். நாங்கள் ஒரு முறை உண்ணியை எடுத்த இடத்தில் அடுத்த தை மாதம் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது.

முன்பெல்லாம் நான் சீமைக் கருவேலம் என்றால் வேரோடு போக வேண்டும் என்ற கட்சி. இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். பள்ளிக்கரணைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு மனையில் வயதான சீமைக் கருவேலங்களுக்கு அடியில் வேம்பும் வெள்ளைப்பூலாவும் முளைத்து நிற்பதைப் பார்த்தேன். பறவை உட்கார ஒரு கிளை, அடியில் கொஞ்சம் நிழல், அவ்வளவு போதும் போலிருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. திறந்த புல்வெளியில் அது ஏறினால் கதை வேறு. கிண்டியில் வெளிமானுக்கு வேண்டியது புல்லும் வெட்டவெளியும். அங்கே எந்த மரம் அடர்ந்தாலும், உள்ளூர் மரமே ஆனாலும், வெளிமானுக்கு நஷ்டம். 'மரம் அதிகம் என்றால் காடு நல்லது' என்பதும் உங்கள் பதினைந்து இனம் மாதிரியான கணக்குத்தான்.

ஏப்ரல் 21

வர்தா புயலை இழுத்திருக்கிறார்கள். 2016 டிசம்பர் 12. எங்கள் தெருவில் விழுந்ததெல்லாம் குல்மொஹரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும். புதர்க்காட்டில் காரையும் களாவும் இரும்பிலியும் இலை கிழிந்து நின்றன. 'பார், உள்ளூர் மரம்தான் நிற்கும்' என்று எல்லாரும் பேசினோம்.

பாதி நியாயம். தெருமரத்துக்கு வேரை வெட்டிக் கேபிள் போட்டிருந்தார்கள், அடியைச் சுற்றி சிமென்ட். அந்த நிலைமையில் எந்த ஊர் மரமும் விழும். காரையோ ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல், காற்று அதைத் தாண்டிப் போய்விடும். நம் கடற்கரைக் காடே குட்டையானது. மூத்த மரமும் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம், இலை சிறிது, தடிப்பு.

கணக்கெடுப்பவர்களுக்கு வர்தா சொன்ன விஷயம் வேறு. மரம் விழுந்து காட்டின் இலைக்கூரை திறந்த இடத்தில் முதலில் ஏறியது யார்? நான் பார்த்த இடங்களில் கொடிகள். அண்டிகோனான் இளஞ்சிவப்பாய்ப் பூத்து ஒரு மரத்தையே போர்த்திவிட்டது. வேரில் கிழங்கு இருக்கிறது, மேலே அறுத்தால் சிரித்துக்கொண்டு திரும்ப வரும். உங்கள் கட்டத்தில் எந்த மரமாவது விழுந்தால் அந்த வருடத்துத் தாளில் மேலே பெரிதாக எழுதி வையுங்கள்.

ஜூன் 15

தலைப்பை விட்டுப் போகிறேன். தெரியும்.

அயல் செடிக்கும் சென்னைக்கும் பழைய உறவு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் கொச்சினீல் பூச்சியை வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுப்பது திட்டம். சாய வியாபாரம் தேறவில்லை. கள்ளி தென்னிந்தியாவெங்கும் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் பிடித்தது. கடைசியில் 1920களில் அதே வகையைச் சேர்ந்த வேறொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் கள்ளியை அடக்கினார்கள். சாயத்துக்கு வந்த குடும்பம் சாகடிக்க உதவியது.

உடனே 'சீமைக் கருவேலத்துக்கும் ஒரு பூச்சி விடலாமே' என்று எழுதாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் விதையைத் தின்னும் வண்டுகளை விட்டிருக்கிறார்கள். மரம் சாகாது, விதை குறையும், அதுவும் வண்டுக்கு முன்னால் ஆடு காயைத் தின்னாமல் இருந்தால்.

செப்டம்பர் 14

ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டிய முக்கியமான விஷயம் இது. கேட்டவர் இப்போதுதான் கேட்டார்: 'எங்கள் கட்டங்களில் மரங்கள் முக்கால்வாசி உள்ளூர்தான். அப்புறம் என்ன பயம்?'

உங்கள் மூன்றாவது கட்டத்தில் ஒரு உலக்கைப்பாலை இருக்கிறது, இரண்டு வீரை இருக்கிறது. அருமை. அவை நம்மில் பலருடைய தாத்தா காலத்து மரங்கள், மெதுவாக வளர்பவை. அவற்றின் நாற்று உங்கள் தாளில் எங்கே? நாற்றுப் பத்தியில் சவுண்டல், உண்ணி, பெருங்கொன்றை, கொஞ்சம் வேம்பு, கொஞ்சி. பாலை பூஜ்யம், வீரை பூஜ்யம். மேலே இருப்பது நேற்றைய காடு. தரையில் இருப்பதுதான் நாளைக்கு வரப்போவது. மரத்தை மட்டும் அளந்துவிட்டு வந்தால் இருபது வருடத்துக்கு நல்ல செய்தியே வந்துகொண்டிருக்கும், பிறகு ஒரு புயலில் எல்லாம் முடியும்.

காரணம் பல இருக்கலாம். அந்த மரங்கள் அந்த வருடம் காய்க்காமல் இருந்திருக்கலாம். மான் மேய்ந்திருக்கலாம். தோட்டக்காரர் சருகைக் கூட்டி எரிக்கும்போது நாற்றும் போயிருக்கலாம். வளாகங்களில் 'சுத்தம்' என்ற பெயரில் இது வாரா வாரம் நடக்கிறது. சருகை அள்ளாமல் இரண்டு கட்டத்தை விட்டுப் பார்க்க நிர்வாகத்திடம் கேளுங்கள். செலவே இல்லாத சோதனை. குப்பையாகத் தெரியும் என்பார்கள். 'ஆய்வுப் பகுதி' என்று ஒரு பலகை வைத்தால் அதே குப்பைக்கு மரியாதை வந்துவிடும்.

நாற்றுக் கணக்கையும் ஒரே வருடத்தை வைத்து நம்ப வேண்டாம். நல்ல மழைக்குப் பிறகு ஆயிரமாய் முளைத்து, மே மாத வெயிலில் அவ்வளவும் போகும். அதனால் நான் நாற்றைவிடக் கன்றை நம்புகிறேன். கோடையைத் தாண்டியது எதுவோ அதுவே கணக்கு.

நவம்பர் 30

மழைக்கு நடுவே போய் எண்ணி முடித்துவிட்டீர்கள், அதுவும் போன முறை போன அதே வாரத்தில். தாளைப் பார்த்தேன். மொத்த இனம் போன வருடத்தைவிட நான்கு குறைவு என்று ஏன் சோகம்? குறைந்தவை மதில் ஓரக் கட்டத்துச் செடிகள், இரண்டு நீங்களே பிடுங்கியவை. உள் கட்டங்களில் கொஞ்சிக் கன்று கூடியிருக்கிறது, சருகை விட்ட கட்டத்தில் சுலுந்து நாற்று இருக்கிறது. சருகினால்தானா என்று ஒரு வருடத்தில் சொல்ல முடியாது. பாலை இன்னும் பூஜ்யம். அறிக்கையில் கன்று அட்டவணையை முதல் பக்கத்தில் போடுங்கள், மொத்த இன எண்ணிக்கையைப் பின்னால் எங்காவது.

பிடுங்கிய செடிகளைத் தாளிலிருந்து அழிக்காதீர்கள். பிடுங்கிய தேதியோடு இருக்கட்டும்.

டிசம்பர் 1

நான்காம் கட்டத்தின் மூலைக்கல் காணாமல் போய், வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிக் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிற படம் பார்த்தேன். சிவப்புப் பெயின்ட் அடித்தால் வேறென்ன நடக்கும்? அதை எடுக்கப் போகாதீர்கள், செக்யூரிட்டி அண்ணன் விளக்கு வேறு வைக்க ஆரம்பித்திருக்கிறார். இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது சுலபம்: பக்கத்துக் கற்கள் இரண்டிலிருந்தும் 10 மீட்டர், எதிர்மூலைக் கல்லிலிருந்து 14.14 மீட்டர். மூன்று டேப்பும் சேரும் புள்ளியில் புதுக் கல். இந்த முறை நீலப் பெயின்ட்.